ஒரு ரூபாய் அளவு துவாரத்தில் மூச்சு விடும் பந்தயக் கார்

பந்தயக் கார் என்றதும் கோடிக்கணக்கான பணமும், உலகப் புகழ் பெற்ற வீரர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கும் "கரி மோட்டார் ஸ்பீட்வே" பந்தயப் பாதையில், அண்மை ஆண்டுகளில் வேறொரு காட்சியைக் காணலாம். அங்கே நடக்கும் "பார்முலா பாரத்" போட்டிக்கு வருகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். தாங்களே கட்டிய காரைத் தாங்களே ஓட்டுகிறார்கள்!

இந்தப் போட்டியில் பெட்ரோல் கார், மின்சாரக் கார் என்று பிரிவுகள் உண்டு. சாலைகளில் மின்சார வண்டிகள் பெருகிவரும் காலம் இது. "இனிமேல் பெட்ரோல் என்ஜினைப் பிரித்து மாட்டுவதால் என்ன லாபம்? பிள்ளையின் படிப்பு கெடாதா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே.

இதற்கு விடை வேண்டுமானால், அந்த என்ஜினில் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கழுத்தை நெரிக்கும் விதி

கல்லூரி மாணவர்களுக்கான இத்தகைய போட்டி 1981-ல் அமெரிக்காவில் தொடங்கியது. பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

பெட்ரோல் காருக்கு முக்கியமான விதிகள் இரண்டு. என்ஜின் 710 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. என்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லி மீட்டர் குறுக்களவுள்ள ஒரே துவாரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு!

காற்று இல்லாமல் பெட்ரோல் எரியாது. துவாரத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், அப்புறம் என்ஜின் எவ்வளவு உறிஞ்சினாலும் அதிகக் காற்று வராது. ஆகவே, பெரிய என்ஜினை விலைக்கு வாங்கி வந்து சுலபமாக ஜெயித்துவிட முடியாது. பணத்தை விட மூளைக்கு அதிக வேலை!

மாடித் தொட்டி மாதிரி

நம் நாட்டு மாணவர் அணிகள் பல, 373 சி.சி. மோட்டார் சைக்கிள் என்ஜினைப் பயன்படுத்துகின்றன. அதற்கு ஒரே சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் அது காற்றை இழுக்கும். ஆனால் இழுக்கும்போது ஒரே மடக்காக இழுக்கும். அந்தச் சிறு துவாரம் அவ்வளவு காற்றை உடனே கொடுக்குமா? கொடுக்காது.

இதற்கு ஒரு வழி உண்டு. வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாய் சிறியதாக இருந்தால் என்ன செய்கிறோம்? மாடியில் தொட்டி வைக்கிறோம். தண்ணீர் மெல்ல வந்து நிறைகிறது. வேண்டும்போது தாராளமாகக் கொட்டுகிறது. அதைப் போலவே, துவாரத்துக்கும் என்ஜினுக்கும் நடுவே மாணவர்கள் ஒரு காற்றுப் பெட்டி வைக்கிறார்கள். பெட்டி சிறியதானால் என்ஜின் திணறும். மிகப் பெரியதானால், காலை அழுத்தியும் கார் சற்றுத் தாமதித்தே பாயும். சரியான அளவைக் கணக்குப் போட்டும், சோதித்தும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சாயாத கார்

இதைவிடப் பெரிய ஆபத்து ஆயிலில் இருக்கிறது.

மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் சாயும். அதனால் ஆயில் என்ஜினின் அடியிலேயே தங்கும். அதே என்ஜினைக் காரில் வைத்தால்? கார் அப்படிச் சாய்வதில்லை. வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஆயில் பம்பு வெறும் காற்றை இழுக்கும். ஆயில் கிடைக்காத பேரிங்குகள் சில வினாடிகளில் தேய்ந்து இறுகிவிடும். பல மாத உழைப்பு அந்த ஒரு வளைவில் பாழாகும்!

இதைத் தடுக்க, ஆயில் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். சில அணிகள் ஆயிலுக்குத் தனித் தொட்டியே அமைக்கின்றன.

ஜெயிப்பது எது?

போட்டியில் அதிக மதிப்பெண் தரும் பகுதி, சுமார் 22 கிலோ மீட்டர் ஓட்டம். பாதியில் என்ஜினை நிறுத்தி, ஓட்டுபவர் மாற வேண்டும். சூடேறிய என்ஜின் மறுபடி கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் அவ்வளவுதான். அதிவேகக் கார்கள் கூட இந்த இடத்தில் தோற்பது உண்டு.

காரின் வடிவமைப்பு, அடக்க விலை, வியாபாரத் திட்டம் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. இந்தப் பாகம் ஏன் இந்த அளவு, இதற்கு என்ன செலவு என்று நடுவர்கள் கேட்பார்கள். "கடையில் கிடைத்தது, மாட்டினோம்" என்று சொல்லித் தப்ப முடியாது.

கரிவரதன் காட்டிய வழி

அந்தப் பந்தயப் பாதை, கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கி 2003-ல் திறக்கப்பட்டது. குடும்பங்கள் பயன்படுத்திய மாருதி 800 காரின் 796 சி.சி. என்ஜினை வைத்தே பந்தயக் கார் கட்டியவர் அவர். 1988-ல் பிறந்தது "பார்முலா மாருதி". செலவு குறைந்ததால் இளைஞர்கள் பலர் பந்தயத்துக்கு வர முடிந்தது. அந்தக் கார்களில் தொடங்கிய கோவை வாலிபர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் காலமானார்.

சாலையில் வேண்டாம்

ஒன்றை மறக்கக் கூடாது. சைலென்சரைக் கழற்றிவிட்டுத் தெருவில் அலறிக்கொண்டு போவது என்ஜின் வித்தை அல்ல. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளர் சட்டத்துக்குப் புறம்பாக வண்டியை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாணவர் போட்டியிலோ சத்தத்துக்கும் அளவு உண்டு. பிரேக்கைச் சோதித்த பிறகே காரை ஓட விடுகிறார்கள்.

பெற்றோருக்கு விடை

மின்சாரக் காரில் ஆயில் பேரிங் கவலை குறையலாம். ஆனால் பாட்டரி சூடாகும். எடை கூடும். செலவு ஏறும். அங்கேயும் ஒரு கோளாறு வந்தால், "ஏன்?" என்று தேடிப் போகிறவனே பிழைப்பான். பெட்ரோல் என்ஜினில் அந்தப் பழக்கத்தைக் கற்றவனுக்கு மின்சார மோட்டார் அந்நியமாக இருக்காது.

ஆகவே பெற்றோர் பார்க்க வேண்டியது, பெட்ரோலா மின்சாரமா என்பதை அல்ல. கல்லூரியில் நல்ல பட்டறை இருக்கிறதா? அருகே நின்று மேற்பார்வை செய்ய ஆசிரியர் இருக்கிறாரா? செலவைக் கல்லூரி பகிர்ந்துகொள்கிறதா, அல்லது எல்லாம் பிள்ளைகளின் தலையில் விழுகிறதா? இவற்றைத்தான் கேட்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே இந்தப் பட்டறை திறந்திருந்தால், ஏழை வீட்டில் பிறந்த கெட்டிக்காரன் வெளியே நின்றுவிடுவான். அது அவனுக்கு மட்டுமல்ல, நாட்டுக்கும் நஷ்டம்.