மண்கோட்டை கற்பித்த பாடம்

கோட்டைகளைக் காணச் செல்வோர் பெரும்பாலும் போரையே நினைந்து செல்கின்றனர். கட்டியவர் யார், முற்றுகையிட்டவர் யார், வென்றவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்தவுடன் மனநிறைவோடு மீள்கின்றனர். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓமான் நாட்டிலுள்ள பஹ்லா என்னும் ஊருக்கு யானும் அவ்வெண்ணத்தோடே சென்றேன். மஸ்கத்து நகரிற் கொத்துவேலை செய்யும் என் தந்தையார் உடன்வந்தார்.

ஜபல் அக்தர் மலையடிவாரத்தில், பேரீச்சஞ் சோலைகளினிடையே நிற்கும் அக்கோட்டை, கல்லை அடித்தளமாகக் கொண்டு சுடாத மண்கல்லால் எழுப்பப்பட்டது. 12ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கே மேம்பட்டு விளங்கிய பனூ நப்ஹான் குலத்தாரின் ஆற்றலுக்கு அது சான்றாகும். கோட்டையையும் ஊரையும் சோலையையும் ஒருங்கே வளைத்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் செல்கின்றது. பலஜ் எனப்படும் நீர்க்கால்களே அச்சோலைக்கு உயிர்.

1987ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கோட்டையை உலக மரபுச் செல்வங்களின் வரிசையிற் சேர்த்தது. ஆயின், மழைதோறும் சுவர்கள் சரிந்தமையால் மறு ஆண்டே அழிவை எதிர்நோக்கும் இடங்களின் பட்டியலிலும் சேர்க்க நேர்ந்தது. பல்லாண்டுத் திருப்பணிக்குப் பின்னர் 2004ஆம் ஆண்டிலேதான் அப்பட்டியலினின்று அது நீங்கியது.

"இத்துணைப் பாடு எதற்கு அப்பா? சிமெண்டால் ஒருமுறை பூசிவிட்டால் ஆகாதா?" என்று வினவினேன்.

தந்தையார் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மண்சுவரின்மேற் சிமெண்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளிவர வழியில்லை, தம்பி. சுவர் உள்ளிருந்தே கரைந்துபோகும். மண்ணுக்கு மண்ணே மருந்து" என்றார்.

அம்மறுமொழி என் சிந்தையைக் கிளறியது. ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடத்தக்க பொருளன்று மண்கோட்டை. ஆண்டுதோறும் மண் குழைத்துப் பூசும் கைகள் உள்ளவரையே அது நிற்கும். எனவே, கட்டிய தலைவர்க்கு ஒப்பவே, பெயர் அறியப்படாத அவ்வேலையாட்களும் போற்றத்தக்கவர் என்பது என் துணிபு.

கோட்டை செப்பமுற்று நிற்கையில், மதிலுக்குள் இருந்த பழைய மண்வீடுகள் பல பாழ்பட்டுக் கிடக்கின்றன. அவற்றில் வாழ்ந்தோர் புது வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். காண வருவோரின் இன்பத்திற்காக அவர்கள் வசதி துறந்து மண்வீட்டில் வாழவேண்டுமோ எனச் சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. அவர்களை வற்புறுத்துதல் தகாது. ஆயின், மண்வேலை அறிந்த கொத்தர்க்கு நற்கூலி தந்து, அத்தொழிலை இளைஞர்க்குக் கற்பித்தல் இயலும். தொழில் மறைந்தபின் எத்துணைப் பொருள் செலவிட்டாலும் சுவரின் வடிவம் மட்டுமே எஞ்சும்.

அத்தகைய ஊர்களுக்குச் செல்லும் நண்பர்களே! காவற்கோபுரத்தின்மேல் ஏறுமுன், மதிலடியில் மண் குழைப்பவர் எவரேனும் இருப்பின், சற்றே நின்று அவர்தம் வேலையைப் பாருங்கள். என் தந்தையாரின் தொழிலை யான் மதிக்கக் கற்றது அவ்வூரிலேதான்.