மவுஸ் அடிக்கடி நின்றுபோகிறதா? நாலாவது மவுஸ் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

''எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் உரக்கடையிலேயே பொது சேவை மையமும் நடத்துகிறோம். கம்ப்யூட்டரில் நான்தான் உட்காருகிறேன். சம்பா நெல்லுக்குக் காப்பீடு பதியும்போது ஒயர் மவுஸ் சத்தம் கொடுத்து நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே வருகிறது. மூன்று மவுஸ் மாற்றிவிட்டோம். வரிசையில் நிற்பவர்கள், 'வேலை தெரியாத பிள்ளையை உட்காரவைத்தால் இப்படித்தான்' என்கிறார்கள். என்ன செய்வது?''

- ஒரு வாசகி, வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

''பயிர்க் கேள்விகளுக்கு நடுவே மவுஸ் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காப்பீட்டுக்குக் கடைசி நாள் தாண்டிவிட்டால், மழையில் மூழ்கும் பயிருக்கு அந்தப் பருவம் இழப்பீடு கேட்க வழியில்லை. அதனால் இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மூன்று மவுஸும் ஒரே மாதிரி நின்றதென்றால், கோளாறு மவுஸில் இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் கையிலும் இல்லை. நெல் மஞ்சளானதும் யூரியா, துத்தநாகம், பூச்சிமருந்து மூன்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, எதில் குணமானது என்று தெரியாமல் நிற்பவர்கள் உண்டு. இங்கே அப்படிச் செய்யாதீர்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் இதே மவுஸை வேறொரு கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் மவுஸ் நல்லது. அங்கேயும் நின்றால், ஒயர் மவுஸுக்குள் நுழையும் இடத்தை லேசாக மடக்கிப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அடியிலுள்ள வெளிச்சம் விட்டுவிட்டு எரியும். ஒயரில் பல் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். விதை மூட்டை இருக்கும் கடையில் நிஜ எலிக்கும் இடம் உண்டு!

என் சந்தேகமெல்லாம் ஹப் மீதுதான். சேவை மையங்களில் கைரேகைக் கருவி, கேமரா, கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் ஒரே ஹப்பில் செருகி, அதைக் கம்ப்யூட்டரின் ஒரு போர்ட்டில் மாட்டியிருப்பார்கள். யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கத்தான் வடிவமைக்கப்பட்டது. ஒரு மோட்டார் தண்ணீரை நாலு வயலுக்கும் திறந்துவிட்டால் கடைசி வயல் காயுமல்லவா, அதே கதைதான். கைரேகை வைக்கும் நேரத்தில் மவுஸ் நிற்கிறதா என்று கவனியுங்கள். மவுஸை ஹப்பிலிருந்து எடுத்து, கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். மற்ற கருவிகளுக்கு, தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குவது நல்லது.

உங்கள் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. கடற்கரை உப்புக்காற்று போதாதென்று பக்கத்தில் உர மூட்டை. யூரியாவும் பொட்டாஷும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அந்தத் தூசி படிந்தால் போர்ட்டிலுள்ள உலோகம் அரிக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருந்தால், கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டரை வேறு அறைக்கு மாற்ற நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். மூன்று மவுஸுக்குச் செலவழித்தவர்கள் ஒரு தடுப்புச் சுவருக்கும் செலவழிக்கலாம்.

சும்மா இருக்கும்போது மட்டும் நிற்கிறது என்றால், அது விண்டோஸ் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வேலை. விண்டோஸ் கீயுடன் எக்ஸ் அழுத்தி, பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் வரும். அதில் யு.எஸ்.பி. ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் கருவியை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஒயர் இல்லாத மவுஸ் வைத்திருப்பவர்கள் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

வரிசை நிற்கும்போது மவுஸ் போனால் பதற வேண்டாம். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கேட்டால் என்டர் கொடுங்கள். பிறகு வலப்பக்க எண் கட்டைகளில் 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம் என அம்பு நகரும். 5 அழுத்தினால் கிளிக். நகரவில்லையென்றால் நம் லாக்கை இன்னொரு முறை அழுத்துங்கள். படிவத்தில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக டேப் போதும்.

பணம் கட்டும் பக்கத்தில் நின்றால் மட்டும் மிகுந்த கவனம் தேவை. உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். காப்பீட்டு இணையதளத்தில் விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். வங்கியிலிருந்து பணம் போன குறுஞ்செய்தி வந்ததாலேயே பதிவு முடிந்ததாகாது. விவசாயிகளும் ஒப்புகைச் சீட்டை வாங்கி, சர்வே எண், பரப்பு, வங்கிக் கணக்கு எண் சரியா என்று பார்த்த பிறகே நகர வேண்டும்.

சகோதரி, இதுவரை மவுஸ் நின்ற நாட்களில் யார் யாருக்குப் பதிந்தீர்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒவ்வொருவரின் விண்ணப்பமும் முழுமையாக ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விட்டுப்போனவர்களைக் கடைசி நாளுக்குள் அழைத்துப் பதிந்துவிடலாம்.''