தொடுவாய்

மாரி கழிந்து கோடை முதிர்ந்த ஒரு காலைப்பொழுதில் மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்திலே நின்று நோக்குவோர், நிலம் என்னுஞ் சொல்லுக்கு நாம் கொடுத்துவரும் பொருளை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பர். மார்கழி வெள்ளம் நுரைத்தெழுந்து கடலோடு கலந்த அவ்விடத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கும். தோணி ஓடிய வழியிலே மக்கள் கால் நனையாது நடப்பர். சில திங்கள் கழிய, மழை பெய்து வாவி பெருகும். அம்மணல் உடையும், நடந்த வழியிலே மீண்டும் நீர் ஓடும்.

இதனை ஒரு வேடிக்கையாகக் கண்டு மீளுதல் நமக்குப் பழக்கமாயிற்று. ஆயின், இம்மணலின் வரவும் செலவும் நம் ஊர்களின் இருப்பையே தீர்மானிப்பன என்பதைப் பலர் சிந்திப்பதில்லை.

எழுவான்கரையின் அமைப்பைச் சற்று நோக்குவோம். கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவி, வடக்கே முகத்துவாரம், தெற்கே, கல்லாற்றுப் பகுதியில் மற்றொரு வாய். இவ்விரு வாய்களும் திறந்துள்ள காலத்தில், கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுதாவளை, களுவாஞ்சிக்குடி முதலிய ஊர்களைத் தாங்கிய மணற்பரப்பு நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவாகும். வாய்கள் மணலால் அடைபட்டபோது அதுவே பெருநிலத்தோடு பிணைந்த கரையாகும். பாலங்களை மறந்துவிட்டுப் பார்த்தால், அவ்வூரார் ஆண்டிற் சில காலம் தீவிலும் சில காலம் நிலத்திலும் வாழ்கின்றனர் என்றே சொல்லுதல் வேண்டும்.

தீவொன்றையும் கரையையும் மணல் இணைக்குமாயின், அவ்விணைப்பினை நிலவியலார் ‘தொம்போலோ’ என்பர். மேடு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த இத்தாலியச் சொல் அது. கரைக்கு அப்பால் ஒரு தீவு இருப்பின், வரும் அலைகள் அதன் இரு மருங்கிலும் வளைந்து செல்லும். தீவின் பின்னே நீர் அமைதியுறும். அவ்வமைதியிலே அலை சுமந்து வந்த மணல் படியும். படிந்து படிந்து தீவைக் கரையோடு தொடுக்கும். இத்தாலியின் மேற்குக் கரையிலுள்ள அர்ஜெந்தாரியோ மலை ஒருகாலத்திற் தீவாக இருந்தது. இன்று அதனை நிலத்தோடு பிணைக்கும் மணற்கரங்களின் நடுவே ஒரு வாவியும் அமைந்திருக்கின்றது. நம் எழுவான்கரைக்கு முன்னே அத்தகைய மலைத்தீவு இல்லை. மணலே இங்குத் தீவாயிற்று. ஆதலின் இதனைத் தடுப்பு மணற்கரை என்பதே பொருந்தும். எனினும், இரண்டையும் ஆக்கும் விதி ஒன்றே: நீர் விரையுமிடத்தில் மணல் பெயரும், நீர் தளருமிடத்தில் மணல் தங்கும்.

இக்கரையின் வயதும் கருதற்பாலது. கீழ்மாகாணத்தின் அடித்தளமாகிய பாறை, நிலவியலார் விஜயன் தொகுதி என வழங்குவது. ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுப் பழமையது. அதன்மேற் கிடக்கும் மணற்கரையோ நேற்றுப் பிறந்த குழந்தை. இற்றைக்கு 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல் இன்றைய மட்டத்திலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் உயர்ந்தது. தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலே புகுந்தது. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் அவ்வேகம் தணிந்தபின்னரே இத்தகைய மணற்கரைகள் நிலைபெற்று எழலாயின.

இம்மணலைக் கட்டுவதும் உடைப்பதும் எது? பிரான்சு நாட்டு மோன் சான் மிசேல் தீவைச் சூழ்ந்த கடலில் நீரேற்றம் 14 மீற்றர் வரை எழும். அங்கே உயர்நீரேற்ற நாள்களிலே கடலே தீவைச் சூழ்ந்து பின் விலகுகின்றது. நம் கடலின் ஏற்றவற்றமோ ஒரு மீற்றரும் இல்லை. இங்கே அத்தொழிலைப் பருவகாலம் செய்கின்றது. கோடையில் வாவிநீர் வற்றி வெளிப்பாய்ச்சல் ஓய, அலை மணலைக் கொணர்ந்து வாயை அடைக்கும். வடகீழ்ப் பருவமழையிலே வெள்ளம் திரண்டு அதனைப் பிளக்கும். இவையன்றி, கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓயாது பயணஞ் செய்கின்றது. நாம் நிலம் என்று எண்ணி நிற்பது, நடந்து செல்லும் மணல் சற்றே இளைப்பாறும் இடம்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர் என்பதற்கு ஊர்ப்பெயர்கள் துணைநிற்கின்றன. மட்டக்களப்பு என்னும் பெயரிலுள்ள களப்பு, ஆழமில்லாத நீர்ப்பரப்பைக் குறிக்கும். மண்முனை, கல்முனை என நிலத்தின் நீட்சியையும், நாவற்குடா, தாழங்குடா என நீரின் வளைவையும், பாலமீன்மடு என ஆழத்தையும் வேறுவேறாகக் கண்டு பெயரிட்டனர். புளியந்தீவு இன்றும் தீவே. ஆனால் தேற்றாத்தீவு, காரைதீவு, மகிழடித்தீவு, முனைத்தீவு என்பவற்றின் ஈற்றிலே தீவு நிற்பது ஏன்? பெயரொன்றே முழுச் சான்றாகாது. எனினும், நீர் எங்கெங்கு நின்றது என்று வினவ அப்பெயர்கள் நம்மைத் தூண்டுகின்றன. அலை குவித்த மணல்மேட்டுக்கு ‘எக்கர்’ என்னும் தனிச்சொல்லைச் சங்கப் புலவர் ஆண்டனர். அச்சொல்லை நாம் உரையிலே படித்துத் தேர்வெழுதி மறந்தோம். அதன் பொருளோ கூப்பிடு தூரத்திலே கிடக்கின்றது.

மஞ்சந்தொடுவாய் என்னும் பெயரிலுள்ள தொடுவாய் என்னுஞ் சொல்லும் உற்றுநோக்கற்பாலது. தொடுதல் என்பதற்குத் தீண்டுதல் என்றும் தோண்டுதல் என்றும் இருபொருளுண்டு. கடல் தொடும் வாய் அது. மனிதன் தோண்டும் வாயும் அது. இவ்விரண்டாம் பொருளிலேதான் இன்றைய சிக்கல் இருக்கின்றது.

மழை மிகுந்து வாவி நிரம்பினால் படுவான்கரையின் தாழ்ந்த வயல்கள் நீரில் மூழ்கும். வாயை உடனே வெட்டுக என்பர் உழவர். அவர் துயர் உண்மையானது. வெட்டினால் வாவி விரைந்து வடியும். பின்னர் உவர்நீர் உட்புகும். வாவியில் வளரும் இறாலும் மீனும் இவ்வாயின் வழியே வந்து போவன. ஆதலின் திறக்கும் காலம் மீனவர்க்கும் வாழ்வுப் பொருளாகும். 2011ஆம் ஆண்டுச் சனவரியிற் போன்ற பெருவெள்ளத்தில் விவாதத்துக்கு நேரமில்லை. ஏனைய ஆண்டுகளிலே, வெட்டுவதா, எப்போது, எவ்வளவு அகலத்துக்கு என்பதை உரத்த குரல் தீர்மானித்தல் தகாது. நீர்மட்டம், உவர்ப்பு, வாய் திறந்த நாள், அடைபட்ட நாள் ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து, எவரும் பார்க்கத்தக்க பொதுப் பதிவேடாக வைத்தல் வேண்டும். முடிவு அப்பதிவேட்டின் வழியே பிறத்தல் வேண்டும்.

மணலின் பயணத்தைத் தடுத்தால் என்ன நிகழும் என்பதை ஒலுவில் காட்டிற்று. 2013இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணலை மறித்தன. துறைமுக வாயில் மணல் தூர்ந்தது. வடபுறத்துக் கரையோ அரிக்கப்பட்டுத் தென்னைகள் கடலில் வீழ்ந்தன. பட்டிப்பளை ஆற்றின் குறுக்கே கல்லோயாத் திட்டத்தில் அணை எழுந்தது 1950ஆம் ஆண்டையொட்டி. நெல் விளைவித்த அவ்வணை ஆற்றுமணலையும் தன்னுள் நிறுத்துகின்றது. கரைக்கு வரும் மணல் குறைய, எஞ்சியதையும் நாம் கட்டடத்துக்கு அள்ளினால், கடல் தனக்குரியதைக் கரையிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாளை இங்கு நினையாதிருத்தல் இயலாது. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடி மணற்கரையை ஆழிப்பேரலை துடைத்துச் சென்றது. அவ்வலையைத் தடுக்கும் ஆற்றல் எவர்க்கும் இல்லை. ஆனால் மணலின் நாவிலே வீடு கட்டுவோர்க்கு, அது மணலின் நா என்று முன்னரே சொல்லும் கடமை கற்றோர்க்கு உண்டு.

அக்கடமை ஆசிரியராகிய நம்மிடமிருந்தே தொடங்குதல் தகும். தமிழாசிரியர் எக்கரையும் கானலையும் உரையால் விளக்குகின்றார். புவியியலாசிரியர் அயல்நாட்டுக் கரைகளைப் படத்தால் விளக்குகின்றார். இருவரும் ஒருநாள் மாணவரோடு முகத்துவாரம் செல்லட்டும். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கு பெற்றவர். வாவியின் பாடும் ஒலியைத் தம் செவியாற் கேட்டு 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே இடமளித்தவர். அந்நெறி நம் பள்ளிகளில் வழக்கொழிதல் ஆகாது. திங்களுக்கொரு முறை மாணவர் வாயின் வடிவை வரையட்டும்; வலைஞரிடம் மணலுக்கும் நீரோட்டத்துக்கும் உள்ள சொற்களைக் கேட்டுக் குறிக்கட்டும். பத்தாண்டில் அதுவே ஒரு நூலாகும். மேற்கூறிய பதிவேட்டுக்கும் அடிப்படையாகும்.

நம் ஊர்கள் மணலின்மேல் நிற்பது குறையன்று. ஆயிரமாண்டு வாழ்வை அம்மணல் தாங்கியிருக்கின்றது. அது நடந்துகொண்டிருக்கும் நிலம் என்பதை மறந்து வாழ்தலே குறை.