மெய்யை மறைக்காத நம்பிக்கை

“அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்.” மருத்துவமனைகளில், அறைக்கு வெளியே, தாழ்ந்த குரலில் அடிக்கடி எழும் வேண்டுகோள் இது. பேரையூர், சாப்டூர், எழுமலை, தே. கல்லுப்பட்டி ஆகிய ஊர்களிலிருந்து சிகிச்சைக்காக மதுரை வரை அலைகின்ற குடும்பங்கள் இப்படிக் கேட்கும்போது அதில் வஞ்சகம் ஏதும் இல்லை, அன்புதான் இருக்கிறது. நோயின் பெயரைக் கேட்டாலே அம்மா மனம் உடைந்துவிடுவார் என்று பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்த அச்சத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மரணத்தைப் பற்றிப் பேசுவதே விசுவாசக் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். “அப்படியெல்லாம் பேசாதீர்கள், ஆண்டவர் சுகம் தருவார்” என்று சொல்லி, நோயாளி தயங்கித் தயங்கித் தொடங்கிய பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இது நல்ல மனத்தோடு செய்யப்படும் தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. மரணத்தைப் பற்றி வாய்திறவாமல் இருந்தால்தான் நிலைக்கும் என்றால், அந்த நம்பிக்கை மிகவும் மெலிந்த நம்பிக்கை. கிறிஸ்தவ மறை கற்பிக்கும் நம்பிக்கை அத்தகையது அன்று. மரணத்தைப் பெயர் சொல்லி அழைக்கவும், அதன் முன்னால் அழவும், அழுதபின் அதைக் கடந்து நோக்கவும் அது துணிவு தருகிறது.

யோவான் நற்செய்தியில் வரும் பெத்தானியா நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்கலாம். லாசரு இறந்து, கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாட்கள் ஆனபின்பே இயேசு அவ்வூருக்கு வருகிறார். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டானே என்று மார்த்தாள் அவரிடமே முறையிடுகிறாள். அவளுடைய முறையீட்டை அவர் அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளவில்லை. உயிர்த்தெழுதலைப் பற்றி அவளிடம் பேசியவர், சற்று நேரத்தில் மரியாளும் உடன் வந்தவர்களும் அழுவதைக் கண்டு தாமும் கண்ணீர் விடுகிறார். லாசருவை எழுப்பப்போகிறவரே அழுதார் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். உயிர்த்தெழுதலில் நம்பிக்கை உள்ளவர்கள் அழக் கூடாது என்று துக்க வீட்டில் சொல்லப்படும் அறிவுரைக்கு நற்செய்தியில் இடமில்லை. பவுலடியாரும் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது துயரத்தைத் தடைசெய்யவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துயரப்பட வேண்டாம் என்றே எழுதினார்.

கெத்செமனித் தோட்டத்தில் இயேசு தம் அச்சத்தையும் மறைக்கவில்லை. துன்பப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று தந்தையிடம் வெளிப்படையாக வேண்டினார். நண்பர்களிடம் அவர் கேட்டது, தம்மோடு விழித்திருக்க வேண்டும் என்பதுதான். அவர்கள் உறங்கிவிட்டார்கள். நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்விழித்திருக்கும் மகளும் மருமகளும், அந்த இரவில் சீடர்களால் செய்ய இயலாமற் போன பணியையே செய்கிறார்கள். இதைவிடப் பெரிய இறைப்பணி வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

நோயுற்றவரை வாட்டுகின்ற மற்றொரு சுமை குற்ற உணர்ச்சி. “எந்தப் பாவத்திற்கு இந்தத் தண்டனை?” என்று அவரே கேட்டுக்கொள்கிறார், “இன்னும் உறுதியாக விசுவாசித்தால் குணமாகும்” என்று பார்க்க வருகிறவர்கள் அதன்மேல் பாரம் ஏற்றுகிறார்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் குறித்து, யார் செய்த பாவம் இது என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் அல்லன், அவனுடைய பெற்றோரும் அல்லர் என்று இயேசு மறுத்தார். பவுல் தம்மை வருத்திய முள் ஒன்று நீங்கும்படி மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை. அவருடைய விசுவாசத்தில் குறை கண்டவர் எவரும் இல்லை. குணமடைய வேண்டிச் செபிப்பது நல்லது, இறுதிவரை செபிக்கலாம். ஆனால் குணமடையாமற் போனதற்கு நோயாளியின் விசுவாசத்தை அளவிடுவது கொடுமை. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாட்கள் அவரருகே தரையில் அமர்ந்து வாய்திறவாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். துன்பத்திற்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் அவர்கள் தவறிப்போனார்கள்.

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் இதற்கு ஓர் அரிய துணை உண்டு. 1827இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட பயண உருவகக் கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை இயற்றினார். 1894இல் அது நூலாக வந்தது. பன்யனின் மூலக்கதையில், வழியெல்லாம் போராடி வென்ற பயணி, விண்ணக நகரின் வாயிலுக்கு முன்னே ஓர் ஆற்றைக் காண்கிறான். அதற்குப் பாலம் இல்லை. இறங்கியவுடன் மூழ்கத் தொடங்குகிறான், இருள் சூழ்கிறது, தன் பழைய பாவங்களெல்லாம் நினைவுக்கு வந்து நடுங்குகிறான். அவனோடு இறங்கிய தோழன், நம்பிக்கை என்னும் பொருளுடைய பெயரைக் கொண்டவன், அவனுடைய தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடித்துக்கொண்டே, அடியில் தரை இருக்கிறது என்று சொல்லித் தேற்றுகிறான். பயணியும் ஒருவாறு காலூன்றிக் கரை சேர்கிறான்.

இதில் இரண்டு உண்மைகள் உள்ளன. வாழ்நாளெல்லாம் விசுவாசத்தில் நிலைத்தவருக்கும் இறுதியில் அச்சம் வரலாம். அந்த அச்சத்தால் அவர் கைவிடப்பட்டவர் ஆகிவிடமாட்டார். மேலும், நோயாளியால் நம்பிக்கையைத் தாங்க இயலாத வேளையில், அருகில் இருப்பவர் அவருக்காக அதைத் தாங்கலாம். ஆயினும், ஆறே இல்லை என்று கரையில் நின்று சொல்பவரால் யாரையும் தாங்க முடியாது. தாங்க வேண்டுமானால் தாமும் நீரில் இறங்க வேண்டும். நோயின் உண்மையை நோயாளியோடு பகிர்ந்துகொள்வதுதான் அந்த இறங்குதல்.

மறைப்பதனால் நேரும் இழப்புகளை எண்ணிப் பாருங்கள். தம் நிலைமையைப் பெரும்பாலும் உடலே நோயாளிக்குச் சொல்லிவிடுகிறது. அவர் பிள்ளைகளுக்காக அறியாதவர்போல் நடிக்கிறார். பிள்ளைகள் அவருக்காக நடிக்கிறார்கள். ஒரே அறையில் இருந்தும் இருவரும் தனித்துவிடுகிறார்கள். பேச்சற்றுப்போன தம்பியை அழைத்து ஒப்புரவாக வேண்டும், பேத்தியின் பெயரில் ஒன்றை எழுதி வைக்க வேண்டும், சொந்த ஊரில், சொந்த வீட்டில் கண்மூட வேண்டும் என்ற விருப்பங்கள் சொல்லப்படாமலே போய்விடுகின்றன.

கத்தோலிக்கக் குடும்பங்களில் குருவானவரை அழைக்கவும் இதே அச்சம் தடையாகிறது. சாமியார் வந்தால் அப்பா முடிவு நெருங்கிவிட்டதென்று பயந்துவிடுவார் என்று காத்திருந்து, நினைவு தப்பியபின் அழைக்கிறார்கள். முன்பு அவஸ்தைப் பூசுதல் என்று வழங்கிய திருவருட்சாதனத்தை நோயில் பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றும், அது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது அன்று என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே தெளிவாக்கிவிட்டது. நோயாளி தாமும் சேர்ந்து செபிக்கும் நிலையில் இருக்கும்போதே அழைப்பது அவருக்கு ஆறுதலாகும். பிற சபையார் தம் போதகரை அழைப்பதற்கும் இது பொருந்தும்.

வலியைப் பற்றியும் ஒரு சொல். வலியைப் பொறுத்துக்கொள்வதே பக்தி என்று எண்ணி மருந்தை மறுப்பவர்கள் உண்டு. மார்பின் போன்ற மருந்துகளைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. தக்க காரணம் உள்ளபோது, வலி தணிக்கும் மருந்தை ஏற்பது கிறிஸ்தவ நெறிக்கு முரணாகாது என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957இல் மருத்துவர்களிடையே பேசும்போது விளக்கினார். 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரானவர். உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கிலும் வலி உண்டு, நான்குக்கும் மருந்து வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். இன்றைய நோய்த்தணிப்புச் சிகிச்சை அந்த அடித்தளத்தில் வளர்ந்ததே. 2005இல் அவர் தாம் தொடங்கிய இல்லத்திலேயே இறந்தார். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு தேடிச் செய்யும் நோய்த்தணிப்புச் சிகிச்சை இடம்பெறுகிறது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள விரும்பும் குடும்பத்தார் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டறியலாம்.

உண்மையைச் சொன்னால் நோயாளி நொறுங்கிவிட மாட்டாரா என்ற கேள்வி நியாயமானது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்று யாரும் கூறவில்லை. அறிந்துகொள்ள விரும்பாத நோயாளிகளும் உண்டு. அவர்களுடைய விருப்பத்தை மதிக்க வேண்டும். “டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது? இன்னும் ஏதேனும் தெரிந்துகொள்ள வேண்டுமா?” என்று முதலில் கேட்கலாம். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லலாம். “நான் பிழைப்பேனா?” என்று அவரே கேட்டால் பேச்சை மாற்றாமல், கையைப் பற்றிக்கொண்டு, “எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள், அம்மா?” என்று கேட்கலாம். சொல்வதற்குத் துணை வேண்டுமானால் மருத்துவரையோ செவிலியரையோ உடன் இருக்கச் சொல்லலாம்.

நோயுற்றிருக்கும் அன்பர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டார் மனம் வருந்துமே என்று நீங்களும் மௌனம் காக்க வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். சொல்ல விரும்புவதைச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். உங்கள் மனத் தளர்ச்சியைக் கண்டு கடவுள் உங்களைத் தள்ளிவிடுவதில்லை.

இறந்தோர் எழுவர், மரணத்துக்கு இறுதிச் சொல் இல்லை என்பதே கிறிஸ்தவர்கள் பற்றியிருக்கும் நம்பிக்கை. ஆண்டுதோறும் நவம்பர் 2 அன்று கல்லறைகளைத் துப்புரவு செய்து, மாலை சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றும் குடும்பங்கள் இதைத்தான் அறிக்கையிடுகின்றன. அந்த நம்பிக்கை மெய்யானால், இறந்தபின் கல்லறையில் ஏற்றும் ஒளியை உயிரோடு இருப்பவரின் கட்டிலருகேயும் ஏற்றலாம். பயமின்றிப் பேசும் ஒரு சொல்லும், விலகாமல் பற்றியிருக்கும் ஒரு கையுமே அந்த ஒளி. வேறு சமயத்தைச் சார்ந்த வாசகர்களுக்கும் இது இயலாத செயல் அன்று.