கடைசி பைக் வரும்வரை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. தெற்கு இங்கிலாந்தில் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க். ஜூன், ஜூலை மாதங்களில் அந்த நேரத்துக்கு அங்கே போய் நின்றால், பத்துப் பன்னிரண்டு பைக்குகள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதைப் பார்க்கலாம். ஹெல்மெட்டைக் கழற்றினால் பாதிப் பேருக்கு நரைத்த தலை. ஓய்வுபெற்ற ஆசிரியர், பிளம்பர், நர்ஸ், வங்கி ஊழியர், அப்பாவின் பழைய பைக்கை ஓட்டிவரும் இருபது வயதுப் பையன் என்று கலவையான கூட்டம். போக வேண்டிய இடம் நூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு கிராமம். அங்கே ஒரு புல்வெளியில் இன்று பழைய கார் கண்காட்சி.

கார் கண்காட்சிக்கு பைக்கில் ஏன் போக வேண்டும் என்று கேட்கிறீர்களா? போவதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒரு குழுவோடு இன்று நாமும் போய் வருவோம்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம் பேச்சு. டேங்க் நிறைந்திருக்க வேண்டும், சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. சிரித்து முடித்ததும் குழுத் தலைவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு யாரு கடைசி?" என்பதுதான். மின்னும் மஞ்சள் நிறச் சட்டை போட்ட ஒருவர் கை தூக்குவார். பெரும்பாலும் கூட்டத்திலேயே அதிக அனுபவம் உள்ளவர் அவராகத்தான் இருப்பார். தலைவருக்கு வழி தெரியும், அவருக்கும் வழி தெரியும். நடுவில் வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

அது எப்படி? தலைவர் ஒரு சந்திப்பில் திரும்புகிறார் என்றால், அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வருபவர் அங்கேயே பாதுகாப்பான இடம் பார்த்து ஓரமாக நின்றுவிடுவார். பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் கை காட்டுவார், இந்தப் பக்கம் என்று. எல்லோரும் கடந்தபின், மஞ்சள் சட்டைக்காரர் கண்ணில் பட்டதும், அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் இன்னொருவர் நிற்பார். இப்படியே நாள் முழுக்க வரிசை மாறிக்கொண்டே இருக்கும். காலையில் முன்னால் போனவர் மதியம் பின்னால் இருப்பார். செல்போன் மேப் வேண்டாம், ஹெல்மெட்டுக்குள் பேசும் கருவியும் வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. திருப்பத்தில் நிற்பவர் மஞ்சள் சட்டை வரும்வரை நகரக் கூடாது. மழை பெய்தாலும், கால் கடுத்தாலும், எல்லோரும் போய்விட்டார்கள் என்று தோன்றினாலும் சரி. அவர் பொறுமையிழந்து கிளம்பிவிட்டால் பின்னால் வருகிற அத்தனை பேரும் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

வழி தவறாமல் இருப்பதற்காக மட்டும் வந்த ஏற்பாடு என்று இதை நினைத்துவிடக் கூடாது. குழுவாகப் போகும்போது புதியவர்களைப் பிடித்துக்கொள்ளும் பயம் ஒன்று உண்டு. முன்னால் போகிறவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுவாரோ என்ற பயம். தனியாக வந்தால் 60-ல் எடுத்திருக்கும் வளைவை, அந்தப் பயத்தில் 80-ல் எடுப்பார். எதிரில் டிராக்டர் வந்தால் தீர்ந்தது கதை. பிரிட்டனில் சாலைப் போக்குவரத்தில் மோட்டார் சைக்கிள்களின் பங்கு சுமார் ஒரு சதவிகிதம்தான். ஆனால், சாலையில் உயிரிழப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பைக்கில் வந்தவர். திருப்பத்தில் ஒருவர் கட்டாயம் நிற்பார் என்று தெரிந்துவிட்டால் யாரையும் துரத்த வேண்டியதில்லை. அவரவர் வேகத்தில் அவரவர் போகலாம்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும், வால்பாறைக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் ஞாயிறுதோறும் கூட்டமாகக் கிளம்பும் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மஞ்சள் சட்டையின் விலைதான் செலவு. பின்தங்கிய நண்பனை வாட்ஸ்அப் குழுவில் கிண்டல் செய்யும் பழக்கத்தை மட்டும் விட வேண்டியிருக்கும்.

சரி, கிளம்பியாகிவிட்டது. நேர்ச்சாலையில் இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போகிறார்கள். நேர் முன்னால் இருப்பவருக்கும் தனக்கும் இரண்டு விநாடி இடைவெளி. வளைவு வந்தால் ஒற்றை வரிசை. பாதை A272. சசெக்ஸ், ஹாம்ப்ஷயர் மாவட்டங்களின் ஊடே பெட்வொர்த், மிட்ஹர்ஸ்ட், பீட்டர்ஸ்ஃபீல்டு என்று சின்னச் சின்ன ஊர்களைத் தொட்டுக்கொண்டு வளைந்து வளைந்து போகும் சாலை. 2000-ல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் இந்தச் சாலையைப் பற்றி மட்டுமே முழுப் புத்தகம் எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலை அழகுதான், ஆனால் ஏமாற்றும். இருபுறமும் ஆள் உயர வேலிச்செடி. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. சட்டப்படி மணிக்கு 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர் வரை போகலாம். அந்த வேகத்தில் போனால் வயலிலிருந்து டிராக்டர் இழுத்துவந்த சேற்றின் மீது சறுக்க வேண்டியதுதான். குதிரையில் வருபவர்களும் உண்டு. குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக் கூடாது, குறைந்தது 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று அவர்களுடைய சாலை விதிப் புத்தகம் சொல்கிறது. பன்னிரண்டு பைக்குகளும் உறுமாமல் ஊர்ந்து கடக்கும். குதிரைக்காரம்மா கையை உயர்த்தி நன்றி சொல்வார்.

பதினொரு மணிக்குப் புல்வெளி வந்துவிடுகிறது. இறங்கியதும் ஒவ்வொருவரும் பையிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்து சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கிறார்கள். முந்தின நாள் மழையில் ஊறிய மண். தட்டு இல்லையென்றால் ஸ்டாண்டு உள்ளே இறங்கி, டீ குடித்துவிட்டு வருவதற்குள் பைக் படுத்திருக்கும். தட்டை மறந்தவர் காலியான குளிர்பான டின் ஒன்றை மிதித்துத் தட்டையாக்குகிறார். புதிதாக வந்த பையனுக்கு இன்றைய முதல் பாடம் அதுதான்.

இனி கார்கள். ரோல்ஸ் ராய்ஸும் பென்ட்லியும் அணிவகுக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கிராமத்துக் கண்காட்சிக்கு வருபவை அந்தக் காலத்துச் சாமானியக் குடும்பங்களின் கார்கள். இதில் ஒரு வேடிக்கை. அறுபதுகளின் மவுன்ட் ரோட்டைப் பார்த்த நம் வீட்டுத் தாத்தாவைக் கூட்டிவந்து இந்தப் புல்வெளியில் விட்டால், பாதிக் கார்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

அதோ அந்தப் பச்சை நிறக் காரின் முகத்தைப் பாருங்கள். அம்பாசடரேதான்! இல்லை, அதன் அக்கா. 1956-ல் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. அதன் வார்ப்பை வாங்கித்தான் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 2014 வரை அம்பாசடர் செய்தார்கள். பிறந்த ஊரில் சில ஆண்டுகளில் வழக்கொழிந்த கார், புகுந்த வீட்டில் அரை நூற்றாண்டு தாண்டி வாழ்ந்தது.

பக்கத்தில் மோரிஸ் மைனர். 1948-ல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தது. பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார். இதில் பின்பக்கம் மரச்சட்டம் வைத்த டிராவலர் என்றொரு வகை உண்டு. மரம் அழகுக்கு இல்லை, உடம்பையே அதுதான் தாங்குகிறது. பராமரிக்காவிட்டால் அதில் பாசி பிடிக்கும். காருக்குக் கரையானைப் பார்க்க வேண்டிய நிலை வேறு எங்கே வரும்? இலங்கையின் சாலைகளில் மைனர்கள் இன்னும் ஓடுகின்றன. அங்கே உதிரி பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய காலமும் உண்டு.

அடுத்தது டிரையம்ஃப் ஹெரால்டு. உரிமையாளர் முன்பக்கம் முழுவதையும் அப்படியே முன்னோக்கிச் சாய்த்துத் திறந்துவைத்திருக்கிறார். டயர் மேலேயே உட்கார்ந்து ஸ்பேனர் பிடிக்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார். நம்மிடம் இது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் 1961 முதல் சென்னையில் தயாரானது. இங்கிலாந்து ஹெரால்டு காருக்கு இரண்டே கதவுகள். பின்னால் உட்கார, முன் சீட்டைச் சாய்த்து, புடவையைத் தூக்கிச் சொருகி ஏற வேண்டும். நம் குடும்பங்களுக்கு அது ஒத்துவருமா? பின்னாளில் சென்னையில் நான்கு கதவு வைத்தே செய்தார்கள். பிறந்த வீட்டில் அந்த வசதி கடைசிவரை வரவில்லை.

பைக் வரிசையிலும் ஒரு நம்மூர்க்காரர் நிற்கிறார். ராயல் என்ஃபீல்டு புல்லட். ரெட்டிச் நகரத்தில் பிறந்த கம்பெனி, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் வரத் தொடங்கியது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1977-ல், திருவொற்றியூர் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கே போனது. புல்வெளியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எது ரெட்டிச், எது திருவொற்றியூர் என்று கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். இரண்டுக்கும் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இருபது வயதுப் பையனை உட்காரவைத்தால், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய்த் துளிகள். சொட்டாவிட்டால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமாம்.

இத்தனை பழைய வண்டிகள் எப்படிப் பிழைத்திருக்கின்றன? ஆசை ஒரு காரணம், சட்டம் இன்னொன்று. பிரிட்டனில் 40 வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி கிடையாது. பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால், 2018 முதல் வருடாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. அதில் கடைக்குப் போகலாம், பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போகலாம். நம் நாட்டில் 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்தது. வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண். ஆனால் அப்படிப் பதிந்துவிட்டால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு தவிர அன்றாட வேலைக்கு எடுக்கக் கூடாது. பழைய வண்டியைக் காப்பாற்றுவது அதை ஓட்டுவதுதான் என்பதை விதி எழுதியவர்களுக்கு எந்த மெக்கானிக்காவது சொல்லியிருக்கலாம். நின்றுகிடக்கும் வண்டியில் ரப்பர் காயும், கார்புரேட்டர் அடைக்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும்.

மதியம் டீயும் கேக்கும் விற்பது ஊர்ப் பெண்கள். நுழைவுக் கட்டணம் சொற்பம். வசூல் சில ஊர்களில் தேவாலயக் கூரைக்குப் போகும், சில ஊர்களில் வானூர்தி ஆம்புலன்ஸுக்கு. இங்கிலாந்தில் விபத்து நடந்த இடத்துக்கு டாக்டரோடு பறந்துவரும் ஹெலிகாப்டர்களைப் பெரும்பாலும் அறக்கட்டளைகள்தான் நடத்துகின்றன, மக்கள் போடும் காசில். வாசலில் ஒரு பக்கெட் இருக்கும். பைக்கில் வந்தவர்கள் அதில் சில்லறை போடுவதில்லை, நோட்டுதான். யாரும் எதுவும் பேசுவதும் இல்லை. குழுவில் ஒருவர் காலைச் சற்று இழுத்து நடக்கிறார். அவர் இரண்டு நோட்டு போடுகிறார்.

நான்கு மணிக்குத் தூறல் ஆரம்பிக்கிறது. மேல்மூடி இல்லாத கார்க்காரர்கள் கான்வாஸோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஹெரால்டு கிளம்ப மறுக்கிறது. நாலு பேர் தள்ளுகிறார்கள், இரும ஆரம்பித்து ஓடுகிறது.

திரும்பும் வழியில் மூன்றாவது சந்திப்பில் நிற்க வேண்டிய முறை இருபது வயதுப் பையனுக்கு. ஹெல்மெட் கண்ணாடியில் மழை வழிகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கை காட்டுகிறான். ஒன்பது பேர் போயாயிற்று. அப்புறம் யாரையும் காணோம். ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். எல்லோரும் போய்விட்டார்களோ? எண்ணிக்கை தப்பிவிட்டதோ? சாவியில் கை போகிறது, திரும்பி வருகிறது.

வளைவில் இரண்டு வட்ட விளக்குகள். மோரிஸ் மைனர். நிதானமாக வருகிறது, வைப்பர் மெல்ல ஆடுகிறது. ஓட்டும் பெரியவர் கையை அசைத்துவிட்டுப் போகிறார். அதற்குப் பின்னால், முந்த இடம் கிடைக்காமல், ஒரு ஒற்றை விளக்கும் மஞ்சள் சட்டையும்.

பையன் கியரைப் போடுகிறான்.