வெற்றுச் சாவிக்குத் திறக்கும் பூட்டு

சென்ற 2025-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட்டுக் குறுவைக்குத் தண்ணீர் புறப்பட்டபோது, தஞ்சை நாட்டார் கண்ணெல்லாம் காவிரியின் மீதே இருந்தது. அதே மாதத்தில் உலகெங்கும் நடந்த வேறொரு கொள்ளையை நம்மவரில் கவனித்தவர் சிலரே. மோட்டார் வாகன விற்பனையாளருக்கென்று செய்யப்பட்டு, 22,000-க்கு மேல் விலைபோயிருந்த ‘மோட்டார்ஸ்’ என்னும் வேர்ட்பிரஸ் தீமில் ஒரு குறை வெளிப்பட்டது. அதைக் கொண்டு கள்ளர்கள் பிறருடைய இணையதளங்களின் நிர்வாகக் கணக்குகளைக் கூட்டங் கூட்டமாகத் தாக்கினார்கள்.

தீம் என்பது இணையதளத்துக்கு உருவமும் அமைப்பும் தருவது, அழகுக்காகவே வாங்கப்படுவது. ஆயினும் உள்ளே வருபவனை இன்னாரென்று விசாரிக்கும் பொறுப்பும் சில தீம்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்டை மறந்தவருக்கு ரகசியக் குறி ஒன்றை அனுப்பி, அதை அவர் திரும்பக் காட்டிய பிறகே புதியதை ஏற்பது முறை. மோட்டார்ஸின் 5.6.67-ம் பதிப்பு வரையில் இந்தச் சோதனை பழுதுபட்டிருந்தது. குறி எதையும் கேட்டிராத நிர்வாகியின் பேரில் பதிந்திருப்பது வெற்றிடம். கள்ளன் செல்லாத எழுத்தொன்றை அனுப்பினால், அது களையப்பட்டு எஞ்சுவதும் வெற்றிடம். இரண்டும் ஒத்திருக்கின்றன என்று வாயில் திறந்துவிடும்! நிர்வாகி எத்தனை கடினமான பாஸ்வேர்டு வைத்திருந்தும் என்ன பயன்?

இது அந்நியச் சரக்கின் குற்றம், சுதேசிச் சரக்கில் இராது என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. புனாவைச் சேர்ந்த பிரெயின்ஸ்டார்ம் ஃபோர்ஸ் கம்பெனியார் செய்த, லக்ஷத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த ‘ஷூர்ட்ரிக்கர்ஸ்’ என்னும் செருகுநிரலிலும் ஏறக்குறைய இதே பிழை இருந்தது. நிறுவிவிட்டுச் சாவி அமைக்காமல் விட்ட தளங்களில், வெற்றுச் சாவியே செல்லுபடியாயிற்று. கம்பெனியார் 2025 ஏப்ரல் 3-ந் தேதி, அறிவித்த அன்றே திருத்தம் வெளியிட்டார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் 10-ந் தேதி செய்தி பகிரங்கமான நான்கு மணி நேரத்துக்குள் தாக்குதல் தொடங்கிவிட்டது. திருத்தம் கையில் இருந்தும் ஒரு வாரம் அதை எடுத்து வைக்காதவர்களே அகப்பட்டுக்கொண்டார்கள்.

இனி நமது ஜில்லாக்களின் நிலைமையைப் பார்ப்போம். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு பள்ளிக்கூடமோ, விதை வியாபாரியோ, உழவர் உற்பத்தியாளர் கம்பெனியோ இணையதளம் அமைக்கும்போது, தெரிந்த வாலிபர் ஒருவரைக் கொண்டு ஒரு தரம் பணம் கொடுத்து முடித்துக்கொள்வதே வழக்கமாயிருக்கிறது. வருஷந்தோறும் வாய்க்காலுக்குக் குடிமராமத்து வேண்டுமென்று எவரும் சொல்லித் தராமலே அறிந்த நாடு இது. இணையதளத்துக்கு மட்டும் மராமத்து வேண்டியதில்லை என்று எப்படி எண்ணினோமோ, தெரியவில்லை. சிட்டா, ஆதார், பாங்குக் கணக்கு என்று அங்கத்தினரின் விவரங்களெல்லாம் அதில் சேர்ந்திருக்குமானால், நிர்வாகக் கணக்கைப் பிடித்தவன் அவற்றை அள்ளிக்கொள்ளலாம். பணம் செலுத்த வேண்டிய கணக்கு எண்ணையே மாற்றி எழுதிவிடலாம்.

இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரல் 28-ந் தேதி பிறப்பித்த உத்தரவு, இத்தகைய சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்கிறது. நல்ல உத்தரவுதான். ஆறு மாதமாகத் தன் தளத்தின் உட்புறத்தையே பாராதவர் எதை அறிவார், எப்போது தெரிவிப்பார்?

கைபேசியில் இரண்டாவது குறி கேட்கும் ஏற்பாடு அவசியமே. பாஸ்வேர்டை மாற்றிவிட்ட கள்ளனையும் அது வாசலில் நிறுத்தக்கூடும். ஆனால் ஷூர்ட்ரிக்கர்ஸ் விஷயத்தில் அவன் தானே ஒரு புதிய நிர்வாகியாக முளைத்துவிடுகிறான். ஆகையால் திருத்தங்கள் தாமாகவே பதியும்படி அமைப்பதையும், நிர்வாகிகளின் ஜாபிதாவை அடிக்கடி பார்வையிடுவதையும் முதலாகக் கருதுகிறோம். உபயோகியாத தீம்களை நிறுத்தி வைப்பது போதாது, நீக்கிவிட வேண்டும். இலவசமென்று கிடைக்கும் திருட்டுப் பிரதிகளையோ தொடவே கூடாது; பின்வாயிலை உள்ளே வைத்தே கொடுப்பவர்கள் உண்டு.

உழவர் கம்பெனிகளின் அடுத்த வருஷாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் எழுந்து, நமது தளத்தைக் கடைசியாகத் திருத்தியது எந்தத் தேதியில், அதற்குப் பொறுப்பாளர் யார், அவருக்கு என்ன சம்பளம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். பதிலை நடவடிக்கைக் குறிப்பில் பதியும்படியும் வற்புறுத்த வேண்டும்.