காவிரி மீன்களை இனவாரியாகக் கண்காணிக்கக் கோரும் மனு

பெறுநர்: ஆணையர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, சென்னை

அளிப்பது: ஒகேனக்கல் முதல் பவானி வரை தொழில் செய்யும் ஆற்று மீனவர்களின் சங்கம்

பிடிபட்ட மீனின் மொத்த எடை விற்பனைக் கணக்குக்குப் போதும். ஆற்றின் நலத்தை அது காட்டாது. எடை கூடிய ஆண்டில் வலைக்கு வந்தது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டையாகவோ, குஞ்சாக விடப்பட்டு வளர்ந்த கட்லா, ரோகுவாகவோ இருக்கலாம். வாளையும் ஆரலும் கெளுத்தியும் குறைந்தது அந்த ஒற்றை எண்ணுக்குள் மறைந்துவிடும்.

இதற்குக் காவிரியிலேயே சான்று உண்டு. இந்த ஆற்றுப் படுகையில் மட்டுமே வாழும் திமில் மஹ்சீர் அருகிவந்தது, கர்நாடகப் பகுதியில் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிப்புக் குறிப்புகளை ஆராய்ந்தபோது தெளிவானது. அந்த ஆண்டுகளில் பிடிபட்ட மஹ்சீர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. சராசரி எடை குறைந்திருந்தது. பெருகியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர். இரண்டையும் ஒரே பெயரில் எழுதியிருந்தால் மஹ்சீர் செழிக்கிறது என்றே துறை முடிவு செய்திருக்கும். திமில் மீன் எந்த இனம் என்பது 2018இல்தான் உறுதியாயிற்று. அதற்குள் அது மிக அருகிய இனங்களின் பட்டியலுக்குரிய நிலையை எட்டியிருந்தது.

ஆகவே ஒகேனக்கல், மேட்டூர் நீர்த்தேக்கம், பவானி கூடுதுறை ஆகிய இடங்களில் நிலையான கணக்கெடுப்பு தேவை. கோடையில் நீர் வற்றியிருக்கும்போது ஒருமுறையும், வெள்ளம் வடிந்தபின் ஒருமுறையும் அதே இடத்தில், அதே கண்ணளவு வலையை, அதே நேரம் போட்டுவைத்து எடுக்க வேண்டும். வலையும் நேரமும் மாறினால் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட வழியில்லை. ஒவ்வொரு மீனின் இனம், நீளம், எடை, சினை நிலை பதிவாக வேண்டும். நீளத்துக்கு ஏற்ற எடை இல்லாத மீன் இரையின்றியோ நோயுற்றோ மெலிந்தது. குஞ்சுகளே அகப்படாத இனம் முட்டையிடவில்லை, அல்லது முட்டை பிழைக்கவில்லை; பெரிய மீன் அகப்படாத இனம் மிகையாகப் பிடிக்கப்படுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. உடலில் புண், செவுளின் நிறம், ஒட்டுண்ணி ஆகியவற்றையும் குறிக்க வேண்டும்.

நீர்ச் சோதனையில் நேரமே முக்கியம். கரைந்த ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்புதான் மிகக் குறைவாக இருக்கும். பகல் பத்து மணிக்கு எடுத்த மாதிரி லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்ற மீன்வள வரம்பைத் தாண்டி நல்லதாகத் தெரியும்; அதே இடத்தில் இரவில் மீன் திணறியிருக்கும். மீன்கள் செத்து மிதந்தால் சில மணி நேரத்துக்குள் நீரையும் மீனையும் எடுக்க வேண்டும். சாயக் கழிவு ஆற்றோடு போய்விட்ட பின் வரும் ஆய்வறிக்கை எதையும் நிரூபிக்காது. அழைத்தவுடன் வர, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு இணைந்த ஒரு குழுவும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும்.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. புதிய சட்டம் வேண்டியதில்லை, அமலாக்கம் வேண்டும்.

பரிசலில் அன்றாடம் வலை இழுப்பவருக்கு இனம் பிரிக்கத் தெரியும். அவர்களுக்கு அளவுகோலும் தராசும் பதிவேடும் தந்து, பதிவுக்குக் கூலியும் வழங்க வேண்டும். முடிவுகளை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். குஞ்சு விடுதல், வலைக் கண்ணளவு, இனப்பெருக்கக் காலத் தடை ஆகியவை அந்தப் பதிவுகளின் அடிப்படையிலேயே முடிவாக வேண்டும். வரும் கோடையிலேயே முதல் கணக்கெடுப்பைத் தொடங்க ஆணையிடுமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.